ஹைட்ரோவேக் வண்டி வாடகைக்கு எடுக்கும் முன்: மண்ணுக்கடியில் இருக்கும் லைனைக் காயமில்லாமல் பார்ப்பது எப்படி

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு மீட்டர் ஆழத்துக்குப் பள்ளம் எடுக்க வேண்டும் என்றால், அடியில் என்னென்ன தட்டுப்படலாம்? குடிநீர் வாரியத்தின் பழைய வார்ப்பிரும்புக் குழாய், அதிலிருந்து பிரியும் வீட்டு இணைப்புகள், கழிவுநீர்க் குழாய், மின் வாரியத்தின் எல்.டி. (தாழ்வழுத்த) கேபிள், 11 கே.வி. (11,000 வோல்ட்) கேபிள், பல நிறுவனங்களின் ஃபைபர், மழைநீர் வடிகால், அண்மைக் காலத்தில் வந்த மஞ்சள் நிற எரிவாயுக் குழாய். மணலி, எண்ணூர் பக்கம் நகர்ந்தால் கச்சா எண்ணெயும் பெட்ரோலியப் பொருட்களும் போகிற எஃகுக் குழாய்களும் சேர்ந்துகொள்ளும்.

இந்த நெரிசலில் ஜே.சி.பி. பக்கெட்டை இறக்குவது ஆபத்து என்பது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. கடப்பாரையும் பத்திரம் இல்லை. கூர்முனை கேபிளில் இறங்கினால் பிடித்திருப்பவர் உயிருக்கே ஆபத்து. அதனால் இப்போது சைட்டில் அடிக்கடி கேட்கும் பேச்சு: "வேக்யூம் வண்டி கூப்பிடுங்க, எந்த லைனும் அடிபடாது." இதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளாமல் வண்டியை எடுத்தால் வாடகையும் போகும், கேபிளும் போகும்.

இது என்ன வண்டி?

வீட்டுச் சம்ப்பைச் சுத்தம் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். அடியில் படிந்து இறுகிய வண்டலை ஹோஸ் தண்ணீரை வேகமாகப் பாய்ச்சிக் கலைப்பார்கள். கலைந்து குழம்பானதை மோட்டார் வைத்து உறிஞ்சி வெளியேற்றுவார்கள். சம்ப்பின் ஓரத்தில் ஃபுட் வால்வுக் குழாய் நின்றுகொண்டிருக்கும்; அதற்கு ஒன்றும் ஆகாது. மண்வெட்டியால் சுரண்டியிருந்தால் அது உடைந்திருக்கும். ஆனால் அதே தண்ணீரைக் கார் கழுவும் பிரஷர் வாஷரில் வைத்து ஒரே இடத்தில் அடித்தால் சம்ப்பின் சிமென்ட் பூச்சு பெயர்ந்து வரும்.

ஹைட்ரோவேக் வண்டியின் சூட்சுமம் முழுவதும் இதில் அடங்கிவிடுகிறது. அழுத்தத் தண்ணீரால் மண்ணைக் கரைத்து, அந்தச் சேற்றைக் காற்றின் இழுப்பால் உறிஞ்சி, வண்டியின் மேலேயே உள்ள தொட்டியில் சேர்க்கும் லாரி இது. மண் துகள்களை ஒட்டவைத்திருக்கும் பிடிப்பு தண்ணீர் பட்டால் விட்டுப்போகிறது. குழாயும் கேபிள் உறையும் ஒரே துண்டாக இருப்பவை. மிதமான தண்ணீர் வேகத்தைத் தாங்கும். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் நமக்குக் கிடைக்கும் பாதுகாப்பு. அழுத்தத்தை ஏற்ற ஏற்ற அந்த இடைவெளி சுருங்கும்.

உள்ளே நடப்பது

வண்டியில் நல்ல தண்ணீர்த் தொட்டி ஒன்றும், உயரழுத்தப் பம்ப் ஒன்றும் உண்டு. பம்ப்பிலிருந்து வரும் தண்ணீர் லான்ஸுக்குப் போகும். லான்ஸ் என்பது ஆள் கையில் பிடித்துப் பீய்ச்சும் நீண்ட குழல்; விசையை விட்டால் தண்ணீர் உடனே நின்றுவிட வேண்டும். அதன் நுனியில் இருக்கும் சிறு துளைப்பகுதி நாசில். ஒரே கோடாகப் பீய்ச்சுவது நேர்முனை நாசில். சுழன்றுகொண்டே கூம்பாகப் பீய்ச்சுவது சுழல்முனை நாசில். லைனுக்கு அருகே வேலை செய்யச் சுழல்முனைதான் நல்லது, தண்ணீர் ஒரே புள்ளியில் குத்தாது.

உறிஞ்சும் பக்கத்தைத்தான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். "வேக்யூம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது" என்பார்கள். வெற்றிடத்தை எவ்வளவு கூட்டினாலும் வளிமண்டல அழுத்தம் ஒரு தண்ணீர்க் கம்பத்தை 10.3 மீட்டருக்கு மேல் தூக்காது. கனமான சேற்றுக்கு அதுவும் கிடைக்காது. ஹைட்ரோவேக் வேறு வழியில் வேலை செய்கிறது. புளோயர் என்னும் பெரிய காற்றுத் தள்ளி நிமிடத்துக்குப் பல ஆயிரம் கன அடிக் காற்றை 6 முதல் 8 அங்குலக் குழாய் வழியாக இழுக்கிறது. அந்தக் காற்று வேகம் சேற்றையும் கல்லையும் துண்டு துண்டாகத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. தொட்டிக்குள் நுழைந்ததும் இடம் அகலமாவதால் காற்றின் வேகம் விழுகிறது, மண்ணும் தண்ணீரும் கீழே படிகின்றன, காற்று மட்டும் வடிகட்டி வழியாக வெளியேறுகிறது.

இதிலிருந்து ஒரு நடைமுறைப் பாடம் கிடைக்கிறது. உறிஞ்சுகுழாயின் வாயைச் சேற்றுக்குள் முழுதாக முக்கக் கூடாது. காற்று உள்ளே போக வழியில்லாவிட்டால் கடத்தல் நின்றுபோய்க் குழாய் அடைத்துக்கொள்ளும். அனுபவமுள்ளவர் வாயைச் சற்றே தூக்கிப் பிடித்து, காற்றும் சேறும் கலந்து போகிற அந்த 'கொரகொர' சத்தத்தைக் காதில் வைத்தே வேலை செய்வார்.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால்: தண்ணீர் மண்ணைக் கரைக்கிறது, காற்றோட்டம் அதைத் தூக்குகிறது, தொட்டி பிரித்து வைக்கிறது. உலோகப் பல் எதுவும் மண்ணுக்குள் இறங்குவதில்லை.

சாக்கடை வண்டியும் இதுவும் ஒன்றா?

சாக்கடை அடைப்பெடுக்கும் ஜெட் ராடிங் வண்டியும் வண்டலை உறிஞ்சும் சூப்பர் சக்கரும் சென்னைக்குப் பழக்கமானவை. அவற்றிலும் தண்ணீர், உறிஞ்சல் இரண்டும் இருப்பதால் "அதையே வைத்துத் தோண்டிவிடலாமே" என்ற எண்ணம் வருகிறது. வாடகைக்குக் கேட்கும்போது தெளிவாகச் சொல்லாவிட்டால் அடைப்பெடுக்கும் வண்டியே சைட்டுக்கு வந்து நிற்க வாய்ப்பு உண்டு.

ஜெட் ராடிங் நாசிலின் பெரும்பாலான துளைகள் பின்னோக்கிப் பீய்ச்சும். அந்த உந்துதலில் ஹோஸ் சாக்கடைக் குழாய்க்குள் தானாக முன்னேறும். அழுத்தத்தோடு தண்ணீரின் அளவும் மிக அதிகம். திறந்த பள்ளத்தில் அதைப் பயன்படுத்தினால் மண் கரைவதைவிடப் பள்ளம் குளமாவதுதான் மிச்சம். கீழே என்ன இருக்கிறது என்று பார்க்கவே முடியாது.

செப்டிக் டேங்க் லாரிகளில் இருக்கும், சுழலும் தகடுகளால் காற்றை இழுக்கும் வேன் பம்ப் நல்ல வெற்றிடம் தரும், ஆனால் அது இழுக்கும் காற்று நிமிடத்துக்குச் சில நூறு கன அடிதான். திரவத்தை உறிஞ்ச அது போதும். களிமண் கட்டியும் ஜல்லியும் வந்தால் திணறிவிடும். சூப்பர் சக்கரின் இழுப்பு இதைவிடப் பல மடங்கு வலுவானது என்றாலும், அது சாக்கடை வண்டலுக்காகக் கட்டப்பட்டது. லைன் அருகே அழுத்தத்தைக் குறைத்து நிறுத்தும் கட்டுப்பாடும் கைப்பிடி லான்ஸும் அதில் இருக்கின்றனவா என்று கேட்டுத்தான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

வண்டிக்குக் கண் கிடையாது

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்: ஹைட்ரோவேக் வண்டி லைனைக் கண்டுபிடிக்காது. எங்கே இருக்கலாம் என்று நாம் முன்கூட்டியே குறித்த இடத்தில் மண்ணை நீக்கி, கண்ணால் பார்க்க வழி செய்யும். அவ்வளவுதான் அதன் வேலை. குறிக்காமல் அழைத்தால் சாலையில் அங்கங்கே ஓட்டை விழும், லைன் அகப்படாது.

குறிப்பதற்கு முதல் படி வரைபடம் கேட்பது. குடிநீர் வாரியப் பகுதி அலுவலகம், மின் வாரியத்தின் உதவிப் பொறியாளர், எரிவாயு நிறுவனம், ஃபைபர் நிறுவனங்கள், இத்தனை பேரிடமும் கேட்க வேண்டும். தோண்டப்போகும் செய்தியை லைன் உரிமையாளர்களுக்குத் தெரிவிப்பதற்காக 2023 மார்ச் 22-இல் தொடங்கப்பட்ட 'கால் பிஃபோர் யு டிக்' செயலியும் இருக்கிறது. அதில் பதிவு செய்யுங்கள், ஆனால் அங்கிருந்து பதில் வரவில்லை என்பதை "அடியில் ஒன்றும் இல்லை" என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டாவது, நடந்து பார்ப்பது. பில்லர் பாக்ஸிலிருந்து (தெருவோர மின்பெட்டி) கேபிள் எந்தப் பக்கம் இறங்குகிறது, மேன்ஹோல்கள் எந்த வரிசையில் இருக்கின்றன, வால்வு மூடிகள் எங்கே, தார் எங்கே ஒட்டுப்போட்டிருக்கிறது என்று பார்த்தாலே பாதி விடை கிடைக்கும். எண்ணெய், எரிவாயுப் பெருங்குழாய் போகும் தடத்தில் எச்சரிக்கைக் கம்பங்கள் நட்டிருப்பார்கள், அவற்றில் அவசரத் தொலைபேசி எண் எழுதியிருக்கும். அப்படிப்பட்ட தடத்தில் குழாய் உரிமையாளரின் ஆள் நேரில் வந்து நிற்காமல் ஒரு கூடை மண்ணும் எடுக்கக் கூடாது. பல தடங்களில் நிலத்தைப் பயன்படுத்தும் உரிமை 1962-ஆம் ஆண்டுப் பெட்ரோலியக் குழாய்த்தடச் சட்டப்படி பெறப்பட்டது. அங்கே அனுமதியில்லாமல் கட்டுவதும் கிணறு வெட்டுவதும் சட்டப்படியே தடை.

மூன்றாவது, கருவி. லொகேட்டர் என்பது உலோகக் குழாயிலும் கேபிளிலும் ஓடும் மின்காந்த அலையை மேலிருந்து உணரும் கருவி. பிளாஸ்டிக் குழாயை, உடன் கம்பி எதுவும் புதைக்காமல் இருந்தால், அது உணராது. ஜி.பி.ஆர். என்பது ரேடியோ அலையைத் தரைக்குள் அனுப்பி எதிரொலியைப் படிக்கும் கருவி. பிளாஸ்டிக்கையும் காட்டும், ஆனால் களிமண்ணிலும் உப்பு நீர் ஊறிய மண்ணிலும் அலை சீக்கிரம் செத்துவிடும். கடலோர ராயபுரமும் உவர்நீர் ஏறிய எண்ணூரும் களிமண் நிறைந்த வியாசர்பாடியும் இதற்குக் கடினமான இடங்கள். இங்கே ஜி.பி.ஆர். திரை வெறுமையாக இருந்தால் அதை நம்பிப் பள்ளம் வெட்டுவது பெரிய தவறு.

ஆழத்தை மட்டும் யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். இந்தியத் தரவிதிப்படி எல்.டி. கேபிள் 75 செ.மீ., 11 கே.வி. வரை 90 செ.மீ., 33 கே.வி. 105 செ.மீ. ஆழத்தில் இருக்க வேண்டும். ஆனால் இங்கே சாலைக்கு மேல் சாலை போட்டு மட்டம் உயர்ந்துகொண்டே வந்திருக்கிறது; வீட்டு வாசல் ரோட்டுக்குக் கீழே போன தெருக்கள் எத்தனையோ. அங்கே பழைய கேபிள் விதியைவிட ஆழத்தில் கிடக்கும். பக்கத்துத் தெருவிலேயே, மழைநீர் வடிகால் கட்டியபோது தூக்கி மடக்கிய கேபிள் ஒரு சாண் ஆழத்திலும் இருக்கலாம்.

அழுத்தம்: எங்கே தப்பு நடக்கிறது

அழுத்தத்தைப் பி.எஸ்.ஐ. என்ற அளவில் சொல்கிறார்கள். கார் டயரில் இருப்பது முப்பத்துச் சொச்சம் பி.எஸ்.ஐ.; ஹைட்ரோவேக் பம்ப் 3,000 வரை தரும். இந்த வண்டி பரவலாகப் புழங்கும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் மின், எரிபொருள் பாதுகாப்பு அமைப்புகள் சேர்ந்து ஒரு வழிகாட்டி வெளியிட்டிருக்கின்றன. நேர்முனை நாசிலுக்கு அது சொல்லும் வரம்பு: முதல் 45 செ.மீ. ஆழம் வரை 2,500 பி.எஸ்.ஐ., அதற்குக் கீழே 1,500. நாசில் நுனிக்கும் மண்ணுக்கும் அல்லது லைனுக்கும் நடுவே 20 செ.மீ. இருக்க வேண்டும், நுனியை மண்ணுக்குள் சொருகக் கூடாது, லான்ஸை ஓரிடத்தில் நிறுத்தாமல் வீசிக்கொண்டே இருக்க வேண்டும். நம் ஊருக்கும் இதைவிட எளிய, நல்ல விதி தேவையில்லை.

மீறினால் உடனே வெடிக்கும் என்று எண்ண வேண்டாம், அபாயமே அங்கேதான். தண்ணீர்க் கூர் கேபிளின் வெளி உறையில் ஒரு கீறல் போட்டுவிடும். மின்சாரம் நிற்காது, யாரும் கவனிக்க மாட்டார்கள், பள்ளம் மூடப்படும். அடுத்த ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தக் கீறல் வழியாக ஈரம் உள்ளே இறங்கும், காப்புப் பொருள் கொஞ்சம் கொஞ்சமாகப் பழுதாகும், பல மாதம் கழித்து ஒரு நள்ளிரவில் அந்த இடம் வெடித்து நாலு தெரு இருட்டில் மூழ்கும். எஃகுக் குழாயில் கதை இன்னும் மெதுவாக நகரும்: துரு பிடிக்காமல் காக்கும் மேலுறை பெயர்ந்த காசளவு இடத்தில் அரிப்பு தொடங்கும். "தோண்டும்போது ஒண்ணும் ஆகலையே" என்பது சான்று ஆகாது. வெளியே தெரியும் உறையை முழுவதும் துடைத்துப் பார்த்து, கீறல் இருந்தால் உடனே உரியவரிடம் சொல்லிச் சரிசெய்த பிறகுதான் மூட வேண்டும். சொன்னால் பில் கட்ட வேண்டிவரும் என்று மறைப்பது அந்தத் தெருவுக்குச் செய்யும் கேடு.

இன்னொரு சேதத்தைத் தண்ணீர் நேரடியாகச் செய்வதில்லை. பழைய வார்ப்பிரும்புக் குழாயின் இணைப்புகள் ஈயம் அடித்து இறுக்கியவை. அடிமண்ணை நீளமாக உறிஞ்சி எடுத்தால் குழாய் தன் எடையிலேயே தொங்கி இணைப்பு விலகும். சுட்ட களிமண்ணாலான ஸ்டோன்வேர் கழிவுநீர்க் குழாயும் அப்படித்தான். குழாயின் மேற்புறமும் பக்கவாட்டும் தெரிந்தால் போதும். அடியை அப்படியே விட்டுவிடுங்கள்.

சுருக்கமாக: இடத்தை முன்பே குறிக்க வேண்டும், ஆழத்தை ஊகிக்கக் கூடாது, அழுத்தத்தைக் குறைத்து லான்ஸை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும், அடிமண்ணைத் தொடக் கூடாது.

ஒரு டிரையல் பிட் எடுக்கும் முறை

லைன் எங்கே, எந்த ஆழத்தில் என்று கண்ணால் பார்க்க எடுக்கும் சிறு குழியே டிரையல் பிட். 30 செ.மீ.க்கு 30 செ.மீ. வாய் போதும். லைன் எந்தப் பக்கம் என்று சந்தேகம் இருந்தால், அது போகும் திசைக்குக் குறுக்காக ஒரு குறுகிய நீளப் பள்ளம் எடுப்பார்கள்.

தாரையும் கான்கிரீட்டையும் தண்ணீர் கரைக்காது. மேல்தளத்தை ரோடு கட்டரால் சதுரமாக அறுத்துத் துண்டாகத் தூக்க வேண்டும். பிரேக்கர் போட்டே ஆக வேண்டிய இடத்தில் தளத்தின் கனத்தோடு உளியை நிறுத்த வேண்டும். பிரேக்கர் உளி கேபிளில் இறங்குவது இந்த நேரத்தில்தான்.

அதன் பிறகு லான்ஸ் ஒருவர், உறிஞ்சுகுழாய் ஒருவர், பள்ளத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கும் மூன்றாம் ஆள் ஒருவர். மூன்றாம் ஆளை வீண் செலவு என்று நினைத்துத் தவிர்த்துவிடுகிறார்கள். உண்மையில் கேபிளைக் காப்பாற்றுவது அவர் கண்தான். லான்ஸ் பிடிப்பவருக்குத் தெறிக்கும் சேற்றில் எதுவும் தெரியாது.

10, 15 செ.மீ. எடுத்ததும் நிறுத்தித் தேங்கிய நீரை உறிஞ்சிப் பார்க்க வேண்டும். லைன் நெருங்குவதற்கு மண்ணே அறிகுறி காட்டும். சுற்றியிருக்கும் கலவை மண் மாறி, சலித்ததுபோல் ஒரே சீரான மணல் வரும். கேபிளைச் சுற்றி மணல் மெத்தை போட்டிருப்பார்கள். குறுக்கே வரிசையாகச் செங்கல்லோ கான்கிரீட் பலகையோ தெரியும். எச்சரிக்கை நாடாவின் நுனி வெளிவரும். இவற்றில் ஒன்று தெரிந்ததும் அழுத்தத்தைக் குறைத்து ஓரங்களிலிருந்து மட்டும் கரைக்க வேண்டும். செங்கலை உறிஞ்சுகுழாயால் இழுக்காமல் கையால் எடுக்க வேண்டும். உறை கண்ணில் பட்டதும் லான்ஸ் வேலை முடிந்தது. மீதியை மரக்கரண்டியும் மென்மையான பிரஷும் பார்த்துக்கொள்ளும்.

மின் கேபிள் என்றால் முன்கூட்டியே மின் வாரியத்திடம் எல்.சி. கேட்க வேண்டும். எல்.சி. என்பது அந்த லைனில் மின்சாரத்தை நிறுத்தி வேலைக்கு எழுத்தில் தரும் அனுமதி. நிறுத்த வழியில்லாத இடத்தில் வண்டியையும் லான்ஸையும் கம்பியால் இணைத்து எர்த் செய்ய வேண்டும். லான்ஸ் பிடிப்பவர் மின்காப்புக் கையுறையும் பூட்ஸும் அணிந்து, அந்த இணைப்போடு சேர்ந்த பாய்மேல் நிற்க வேண்டும். ஈரத்தில், கையில் உலோகக் குழலோடு, 11,000 வோல்ட் பக்கத்தில் நிற்கிறார் என்பதை ஒரு நொடியும் மறக்கக் கூடாது.

உறிஞ்சுகுழாயே ஓர் ஆபத்து. வாயில் கையோ காலோ ஒட்டினால் பிடித்து இழுத்துவிடும். விளிம்பில் பல் பல்லாக வெட்டிய, ரப்பர் போன்ற பொருளாலான முனை மாட்டியிருந்தால் காற்று பக்கவாட்டில் புகும், முழுப் பிடி விழாது, கேபிளும் கீறாது. இழுப்பை உடனே நிறுத்தும் விசை குழாய் பிடிப்பவருக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று வேலைக்கு முன் இயக்கியே பார்க்க வேண்டும். பள்ளத்துக்குள் ஆள் இறங்க வேண்டாம். இறங்காமல் பார்ப்பதற்குத்தானே இந்த வண்டி. இறங்கியே ஆக வேண்டிய பெரிய பள்ளம் 1.5 மீட்டரைத் தாண்டினால் பக்கங்களுக்கு முட்டுக்கொடுத்த பிறகுதான்.

வட சென்னை மண்ணில்

கடற்கரையை ஒட்டிய ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பகுதியில் மணல். ஹைட்ரோவேக் இங்கே வேகமாக இறங்கும், ஆனால் நிலத்தடி நீர் மட்டத்தைத் தொட்டதும் பக்கமணல் ஓடிவரத் தொடங்கும். எவ்வளவு உறிஞ்சினாலும் பள்ளம் ஆழமாகாமல் அகலமாகிக்கொண்டே போகும், மேலே இருக்கும் தார் அந்தரத்தில் நிற்கும். அடுத்த நாள் ஒரு கன்டெய்னர் லாரி ஏறினால் சாலை உள்வாங்கும். அறிகுறி எளிது: உறிஞ்சிய மண்ணின் அளவு பள்ளத்தின் அளவைவிட மிக அதிகமாக இருந்தால் பக்கம் சரிகிறது என்று பொருள். உடனே நிறுத்தி, எஃகு உருளையைப் பள்ளத்தில் இறக்கி அதற்குள் வேலை செய்ய வேண்டும். நீர்மட்டத்துக்கு மேலே உள்ள உலர்மணலில், தண்ணீருக்குப் பதில் அழுத்தக் காற்றால் தோண்டும் ஏர்வேக் இன்னும் நல்லது.

வியாசர்பாடி, கொடுங்கையூர், மணலிப் பக்கத்துக் களிமண்ணில் பக்கம் நிற்கும், வேகம் குறையும். பிசுபிசுத்த கட்டி உறிஞ்சுகுழாயில் ஒட்டி அடைக்கும். இங்கேதான் பொறுமையிழந்து அழுத்தத்தை ஏற்றுகிறார்கள். அழுத்தத்துக்குப் பதில் நேரத்தைக் கொடுங்கள்.

பள்ளமான இடங்களில் கட்டட இடிபாடு கொட்டி நிரப்பியிருப்பார்கள். குழாய் விட்டத்தைவிடப் பெரிய செங்கல் துண்டு வந்தால் அடைக்கும். கையால் எடுக்கத்தான் வேண்டும்.

மண்ணில் டீசல், பெட்ரோல் வாடை வந்தால் விவகாரம் வேறு. 2013-இல் தண்டையார்பேட்டையில் நிலத்தடிக் குழாய்க் கசிவால் வீட்டுக் கிணறுகளில் எண்ணெய் கலந்தது நினைவிருக்கும். அப்படிப்பட்ட மண்ணை உறிஞ்சினால் எரியக்கூடிய ஆவி தொட்டிக்குள் சேர்ந்து, சூடான புளோயர் வழியாக, ஓடும் எஞ்சினுக்குப் பக்கத்திலேயே வெளியேறும். வாடை வந்ததும், அல்லது வாயு அளவி காட்டும் அளவு, வாயு வெடிக்கத் தேவையான குறைந்தபட்சச் செறிவில் 10 விழுக்காட்டைத் தொட்டதும், வண்டியை நிறுத்தி ஆட்களை விலக்கிக் குழாய் நிறுவனத்தையும் தீயணைப்புத் துறையையும் அழைக்க வேண்டும். சமையல் எரிவாயுக் கசிவுக்கு 1906, குடிநீர்க் குழாய் உடைந்தால் 1916.

வாடகைக்குப் பேசும்போது

முதலில் அளவு. ஒரு டிரையல் பிட் 1.5 மீட்டர் ஆழம் என்றால் எடுக்கும் மண் 0.135 கன மீட்டர்தான். 6 மீட்டர் அகலச் சாலைக்குக் குறுக்கே 30 செ.மீ. அகலத்தில் அதே ஆழத்துக்கு எடுத்தால் 2.7 கன மீட்டர். தண்ணீர் சேர்ந்து சேறானதும் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்று வைத்துக்கொண்டால், 6 கன மீட்டர் தொட்டி ஒரு குறுக்குப் பள்ளத்திலேயே கிட்டத்தட்ட நிரம்பிவிடும். அந்தச் சேறு சுமார் 8 டன் எடை. கொட்டிவிட்டு வர ஆகும் நேரமும் வாடகைக் கணக்கில் ஓடும். எனவே மணிக்கணக்கா, ஷிஃப்டா, குழிக்கு இவ்வளவா என்பதையும், போய்வரும் நேரம் யார் கணக்கு என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். சிறு டிரையல் பிட்கள் பல இருந்தால் குழிக்கணக்கு நல்லதுபோல் தோன்றும். ஆனால் அது ஆப்பரேட்டரை அவசரப்படுத்தும். லைன் நெருக்கமான தெருவுக்கு மணிக்கணக்கே சரி என்பது என் கருத்து.

தண்ணீர்: லான்ஸ் நிமிடத்துக்கு 40 லிட்டர் எடுத்தால், தொடர்ந்து ஓடும் ஒரு மணி நேரத்துக்கு 2,400 லிட்டர். 9,000 லிட்டர் டேங்கர் ஒன்றைப் பக்கத்தில் ஏற்பாடு செய்துவிட்டால் வண்டி தண்ணீருக்காக ஓட வேண்டாம். உவர்ப்பான போர் தண்ணீர் வேண்டாம். பம்ப்பை அரிக்கும், மின்சாரத்தையும் நன்றாகக் கடத்தும்.

இடம்: பழைய வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் இந்த லாரி நுழையாது. பெரிய சாலையில் நிறுத்தி 30, 40 மீட்டர் நீளத்துக்கு உறிஞ்சுகுழாய் இழுக்கலாம். நீளம் கூடக் கூட இழுப்பு குறையும். எத்தனை மீட்டர் வரை வேலை செய்யும் என்று வண்டிக்காரரிடம் கேளுங்கள். நெருக்கடி குறைந்த இரவு நேரமே தோது, வெளிச்சத்துக்கு ஏற்பாடு நம் பொறுப்பு.

அடுத்து வண்டிக்காரரிடம் கேட்க வேண்டியவை. அழுத்தமானி வேலை செய்கிறதா, அழுத்தத்தை 1,500-இல் பூட்டி வைக்க முடியுமா, சுழல்முனை நாசில் இருக்கிறதா, புளோயர் எத்தனை கன அடி, ஆப்பரேட்டர் லைன் அருகே இதற்கு முன் வேலை செய்தவரா அல்லது சாக்கடை அடைப்பெடுத்தவரா. கடைசிக் கேள்விக்குத் தயங்கிப் பதில் வந்தால் வேறு வண்டி பாருங்கள். லைன் சேதமானால் யார் பொறுப்பு என்பதில் ஒரு நியாயம் இருக்கிறது: குறித்த இடம் தவறு என்றால் குறித்தவர், அழுத்தம் மீறினால் வண்டிக்காரர். இதை முன்பே பேசி வைத்தால் பிறகு தெருவில் நின்று சண்டை வராது.

மாநகராட்சியின் சாலை வெட்டு அனுமதி டிரையல் பிட்டுக்கும் வேண்டும். வடகிழக்குப் பருவமழையை ஒட்டிச் சாலை வெட்டுக்குத் தடை வருவது வழக்கம் என்பதால் புரட்டாசிக்கு முன்பே திட்டமிடுங்கள்.

சேறு எங்கே போகிறது?

பக்கத்தில் இருக்கும் மழைநீர் வடிகாலுக்குள் கவிழ்த்துவிடுவது சுலபம், அதனாலேயே நடக்கிறது. அந்த மண் வடிகாலில் படிந்து, கேப்டன் காட்டன் கால்வாய்க்கும் கொடுங்கையூர் கால்வாய்க்கும் போக வேண்டிய மழைநீரை மறித்து, நவம்பரில் அதே தெரு வீடுகளுக்குள் தண்ணீராகத் திரும்பும். கொட்டும் இடம் மாநகராட்சி அனுமதித்ததா என்று கேட்டு, கொட்டியதற்கான சீட்டைக் காட்டினால்தான் பில் பாஸாகும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். எண்ணெய் வாடையுள்ள சேற்றை மற்றதோடு கலக்காமல், அபாயகரமான கழிவாகக் கருதித் தனியே அனுப்ப வேண்டும்.

மூடும்போது

மூடுவதற்கு முன் அளந்து எழுத வேண்டியவை சில: லைனின் உச்சி சாலை மட்டத்திலிருந்து எத்தனை செ.மீ., விட்டம், எந்தப் பொருள், எந்தத் திசை, அசையாத இரண்டு இடங்களிலிருந்து தூரம். மேன்ஹோல் மூடியும் கட்டட மூலையும் இதற்கு நல்ல அடையாளங்கள். மரமும் பெட்டிக்கடையும் வேண்டாம். அளவுகோலைப் பள்ளத்துக்குள் நிறுத்தி, எண் தெரியும்படி ஒரு படம் எடுங்கள்.

உறிஞ்சிய சேற்றைத் திரும்பக் கொட்டி மூடக் கூடாது. அது மாதக்கணக்கில் இறுகாது, சாலை அமுங்கும். லைனைச் சுற்றி 15 செ.மீ. வரை கல் இல்லாத மணலைக் கையால் இட்டு, எடுத்த செங்கலை அதே வரிசையில் மேலே அடுக்கி, கிழிந்த எச்சரிக்கை நாடாவுக்குப் பதில் புதிதாக விரித்து, அதற்கு மேல் 15 செ.மீ. அடுக்குகளாகக் கிராவல் போட்டு இடித்து இறுக்க வேண்டும். அன்றே தார் போட முடியாவிட்டால் எஃகுத் தகடு மூடித் தடுப்பு வையுங்கள். எழுதிய அளவுகளின் ஒரு பிரதியை அந்த லைனுக்குரிய பிரிவு அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அடுத்து அந்த இடத்தைத் தோண்ட வருபவர் வரைபடம் கேட்டு வந்து நிற்பது அதே அலுவலகத்தில்தான்.